வீட்டிற்கு ஒரு வீடியோ கேமரா



வீட்டிற்கு ஒரு வீடியோ கேமரா வாங்க வேண்டும் என்று எண்ணுகின்றவர், முதல் வேலையாகக் கடைக்குப் புறப்பட்டுவிடுகின்றார். மும்பையில் வாழ்பவராயின், கோட்டைப் பகுதியில் போரா பஜாரைச் சுற்றியுள்ள கேமராக் கடைகளுக்கு ஒரு சனிக்கிழமை மாலையில் செல்கின்றார். கடைக்காரர் எண்களை அடுக்குகின்றார். இத்தனை மெகாபிக்சல், இத்தனை மடங்கு ஜூம், 4கே, 8கே என்று அவர் சொல்லச் சொல்ல, வந்தவருக்குத் தாம் எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோகின்றது. எந்தப் பெட்டியின்மேல் பெரிய எண் இருக்கின்றதோ, அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றார்.

நாமும் அவ்வாறு திரும்பியவர்களே. அதன் பயனாகக் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்லவே இன்று வந்துள்ளோம்.

அது 2006-ஆம் ஆண்டு. எங்கள் ஆச்சிக்கு அப்போது எண்பது வயது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1944-ஆம் ஆண்டில் மணமாகித் தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் தொழிலில் இருந்த கணவரோடு குடித்தனம் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சந்தில் வாழ்ந்தவர். அவர் தம் கதையைச் சொல்ல வேண்டும். நாம் அதைப் படம்பிடித்து வைக்க வேண்டும். இதற்கென்றே கேமரா வாங்கினோம். மினி டிவி என்னும் சிறு நாடாவில் பதியும் கருவி அது. அதன் பக்கத்தில் '800 மடங்கு ஜூம்' என்று பளபளக்கும் எழுத்தில் பொறித்திருந்தது. அந்த எண்ணூறில், வில்லை உண்மையாகப் பெரிதாக்கிக் காட்டுவது இருபது மடங்கே. எஞ்சியதெல்லாம் படத்தின் நடுப்பகுதியைக் கருவி வெட்டியெடுத்து ஊதிக் காட்டும் வேலை. இதனைக் கடைக்காரர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஜூம் இருக்கும் துணிவில், சந்தின் மறுகோடியில் முக்காலியை நிறுத்தினோம். ஆச்சியை வாசற்படியில் அமர்த்தி, அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பிடித்தோம். ஒரு மணி நேர நாடா தீரும்வரை ஆச்சி பேசினார். இரவில் போட்டுப் பார்த்தபோது, முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. குழாயடியில் குடம் வைக்கும் ஓசையும், பக்கத்து வீட்டுத் தையல் இயந்திரமும், யாரோ வைத்திருந்த வானொலிப் பெட்டியும் மிகத் தெளிவாகக் கேட்டன. ஆச்சியின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"அதுக்கென்ன மக்கா, இன்னொரு நாள் சொல்லுதேன்" என்றார் ஆச்சி.

இன்னொரு நாள் சொல்லவும் செய்தார். இம்முறை அறைக்குள், அவர் அருகில் அமர்ந்தே எடுத்தோம். இடம் போதாமையால் பாதி முகமே படத்தில் அடங்கிற்று. விளக்கும் மங்கல். ஆயினும் பேச்சு நன்றாகப் பதிந்தது. அந்த நாடாவைப் பொன்போல் பொதிந்து பரணில் வைத்தோம். 2009-ஆம் ஆண்டில் ஆச்சி காலமானார். துக்கம் ஆறட்டும் என்று இருந்தோம். பிறகு வேலை என்று இருந்தோம். 2019-ஆம் ஆண்டில் பரணைத் திறந்தபோது, பதின்மூன்று மழைக்காலத்து ஈரம் நாடாவில் வெள்ளைப் பூஞ்சையாகப் படர்ந்திருந்தது. கேமராவின் பல்சக்கரம் இறுகிப் போயிருந்தது. அதனைக் கணினியோடு இணைக்கும் கம்பிக்கு உரிய துளை, வீட்டிலிருந்த புதிய கணினியில் இல்லை.

லாமிங்டன் சாலையில் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், நம் ஊர்ப் பக்கத்தவர், பழைய கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து ஒரு வாரம் பாடுபட்டார். "அண்ணாச்சி, படம் போயிட்டு. சத்தம் கொஞ்சம் கிடைக்கு" என்றார். கட்டங்கட்டமாகச் சிதறிய படத்தின் நடுவே, இடையிடையே அறுந்த குரலில், பதினொரு நிமிடம் கிடைத்தது. தண்ணீரை இவ்வூரில் 'பானி' என்பார்கள் என்று தெரியாமல் வந்த புதிதில் தவித்ததை, ஆச்சி அதில் சொல்கின்றார். தம் கணவரை 'அவிய' என்றே குறிப்பிடுகின்றார். செம்பூரில் வளரும் எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு, "அவிய என்பது யார் பெயர்?" என்று வினவினார்கள்.

நாம் செய்யும் தொழில் மொழிபெயர்ப்பு. அந்தப் பதினொரு நிமிடத்தையும் நல்ல தமிழில் எழுதி வைக்க முற்பட்டோம். 'அவிய' என்பதை 'அவர்' என்று எழுதினோம். பொருள் வந்துவிட்டது, ஆச்சி வரவில்லை. எழுத்தில் வாராத அந்த ஒன்றைக் காப்பதற்கே வீட்டில் ஒரு கேமரா வேண்டும் என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஆகவே, வீட்டிற்குக் கேமரா தேர்ந்தெடுக்கின்றவர் முதன்மையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே. பேசுகின்றவர் குரல் தெளிவாகக் கேட்குமா? இருபது ஆண்டுகள் கழித்து அதனைத் திறந்து பார்க்க இயலுமா? மற்றவையெல்லாம் இவ்விரண்டிற்கும் பின்னரே.

ஊரை விட்டு வந்த நமக்கு, பிறரைக் காட்டிலும் இக்கேள்விகள் பொருந்தும். மும்பையில் தமிழ் ஒன்றன்று, பல. தாராவியில் நெல்லைத் தமிழ் கேட்கின்றது. மாதுங்காவின் பழைய வீடுகளில் பாலக்காட்டுத் தமிழும் தஞ்சைத் தமிழும் கேட்கின்றன. செம்பூரில் இவையெல்லாம் கலந்து, மராத்தியும் இந்தியும் ஊடுபாவாக ஓடுகின்றன. தில்லிக் கரோல் பாகிலும், கொல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலும் வாழும் நேயர்கள் தத்தம் வீட்டுத் தமிழை எண்ணிப் பார்க்கலாம். பாட்டன்மார் பேசிய தமிழைப் பேரன்மார் பேசுவதில்லை. ஊரில் இருப்பவர்க்கு அது தெருவில் இன்னும் கேட்கும். நமக்கோ வீட்டிலுள்ள ஒரு முதியவரோடு அது முடிந்துவிடக் கூடும்.

நம்மைப் பிறர் படம்பிடிப்பார்கள் என்று இருந்துவிடவும் இயலாது. தாராவித் தமிழரின் கதையைச் சொன்ன பெரிய திரைப்படங்கள் இரண்டு: 1987-இல் வந்த 'நாயகன்', 2018-இல் வந்த 'காலா'. இரண்டிலும் நாம் காணும் தாராவித் தெருக்களின் பெரும்பகுதி சென்னையில் அமைத்த அரங்கமே. கலைஞர்களின் கைத்திறன் போற்றத்தக்கது. எனினும் நம் வீட்டு வாசற்படி அதில் இல்லை. தாராவியை மறுபடி கட்டும் திட்டத்திற்கு 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஏலமும் முடிந்தது. அத்திட்டத்தின் நன்மை தீமை நம் பேச்சுக்குப் புறம்பானது. சந்துகள் மாறும் காலத்தில், அச்சந்துகளில் வாழ்ந்தவர் பேச்சையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் அன்றோ?

இனி, எந்த வீட்டிற்கு எந்தக் கருவி என்று பார்ப்போம். மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறை. இங்கே தொலைவில் உள்ளதை இழுத்துக் காட்டும் ஜூம் எதற்கும் பயன்படாது. அருகில் அமர்ந்தே நாலு பேரைப் படத்தில் அடக்கும் அகன்ற கோணமே தேவை. 35 மில்லிமீட்டர் பிலிம் கணக்கில் 28 மில்லிமீட்டரோ, 24 மில்லிமீட்டரோ என்று கருவியின் குறிப்பில் போட்டிருக்கும். எண் குறையக் குறையக் கோணம் அகலும். அடுத்தது வெளிச்சம். பகலிலும் விளக்கு எரியும் அறைகளில், ஒளியை வாங்கும் சென்சார் சற்றுப் பெரிதாக இருத்தல் நன்று. மெகாபிக்சல் எண்ணைவிட இதுவே முக்கியம். சிறிய சென்சார் உள்ள கருவி, மங்கிய ஒளியில் படமெல்லாம் மணல் தூவினாற்போல் காட்டும்.

குழல்விளக்கைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றது. கண்ணுக்கு அது தெரியாது. கேமரா நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் எடுத்தால், படத்தில் ஒளி அலையலையாக நெளியக் கூடும். கருவியின் அமைப்புகளில் 'பால்' என்பதையோ, 25 படம் அல்லது 50 படம் என்பதையோ தேர்ந்துகொண்டால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடும். காசு செலவில்லாத திருத்தம் இது.

இரண்டாவது, மாதுங்காவில் நம் நண்பர் வீட்டு உபநயனம். காலையில் தொடங்கினால் நண்பகல் வரை நடக்கும். இங்கே வேண்டியது நீண்ட நேரம் ஓயாமல் பதியும் ஆற்றல். நிழற்படத்திற்கென்று செய்த கேமராக்களுள் பழைய வகைகள் பல, வீடியோ எடுக்கும்போது 29 நிமிடம் 59 நொடியில் தாமே நின்றுவிடும். இது பழுதன்று. முப்பது நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியும் கருவியை ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி வீடியோ கேமராவாகக் கொண்டு தனி வரி விதித்தது. அதைத் தவிர்க்கவே உற்பத்தியாளர்கள் அவ்வாறு அமைத்தார்கள். இரண்டாங்கை வாங்குவோர் இதனைக் கேட்டறிய வேண்டும். வீடியோவுக்கென்றே செய்த கேம்கார்டர் வகை இன்று கடைகளில் குறைந்துவிட்டது. ஆயினும் மூன்று மணி நேரச் சடங்கிற்கு அதுவே உற்ற துணை. அது எளிதில் சூடேறி நிற்பதில்லை. பெரிய பேட்டரியை அதில் மாட்டலாம். வில்லையே தரும் உண்மையான ஜூமும் உண்டு. ஹோமப் புகை எழும்போது, தானே குவியம் தேடும் கருவி புகையை நம்பி முகத்தை மறந்துவிடும். குவியத்தைக் கையால் நிறுத்திவைக்க வழியுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, செம்பூரில் சிறு பிள்ளைகள் உள்ள வீடு. எங்கள் வீடு போன்றது. செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் குழந்தை ஏறுகின்றது. பின்னாலேயே தந்தை கேமராவுடன் ஏறுகின்றார். இங்கே வேண்டியது நடுக்கம் தாங்கும் அமைப்பு. வில்லையோ சென்சாரோ தானே அசைந்து நடுக்கத்தை ஈடுசெய்வது ஒரு வகை. படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்வது மற்றொரு வகை. முதல் வகை மங்கிய ஒளியிலும் நன்கு உதவும். இந்த வீட்டிற்கு உண்மையைச் சொன்னால், பையிலிருக்கும் கைபேசியே போதும். பூட்டிய அலமாரியிலுள்ள சிறந்த கேமராவைவிட, கையிலுள்ள நடுத்தரக் கைபேசி மேலானது. குழந்தை முதன்முதல் அடியெடுத்து வைக்கும்போது நமக்குச் சொல்லிவிட்டு வைப்பதில்லை.

வீடு எதுவாயினும் ஒலிக்கு விதி ஒன்றே. பேசுகின்றவர்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே உள்ள தொலைவு இரு மடங்கானால், வந்து சேரும் ஒலியின் வலிமை நாலில் ஒன்றாகக் குறையும். மூன்றடியில் கேட்ட குரல் ஆறடியில் கால்பங்கு. பன்னிரண்டடியில் பதினாறில் ஒரு பங்கு. ஜூம் முகத்தை அருகில் கொணரும், குரலைக் கொணராது. நாம் சந்தின் மறுகோடியில் செய்த பிழை இதுதான். ஆகவே, வெளி ஒலிவாங்கியைப் பொருத்தும் துளை உள்ள கருவியையே வாங்குங்கள். சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ கவ்வும் கம்பி ஒலிவாங்கி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றது. கேமராவில் மேலும் பத்தாயிரம் ரூபாய் கூட்டிச் செலவிடுவதைக் காட்டிலும் இந்த ஆயிரம் அதிகப் பயன் தரும். தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சியை எடுப்பவர், ஒலிவாங்கிக்கு ஒரு பஞ்சுறையும் மாட்டிக்கொண்டால் காற்றின் இரைச்சல் குறையும். அறைக்குள் எடுப்பவர் மின்விசிறியையும் மிக்சியையும் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம்.

இனி, காத்து வைத்தலைப் பார்ப்போம். வீட்டு வீடியோ கேமராவின் வரலாறே நமக்கு எச்சரிக்கை. 1983-இல் ஒரே பெட்டியாகத் தோளில் வைத்து எடுக்கும் கருவி பீட்டாமேக்ஸ் நாடாவுடன் வந்தது. 1985-இல் உள்ளங்கை நாடா வந்தது. 1995-இல் டிஜிட்டல் நாடா வந்தது. பின்னர் நாடாவே போய், அட்டை வந்தது. ஒவ்வொன்றும் 'இதுவே முடிவு' என்ற தோரணையில்தான் விற்பனைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டில் பீட்டாமேக்ஸ் நாடா உற்பத்தியும், வி.எச்.எஸ். கருவியின் உற்பத்தியும் நின்றன. உங்கள் வீட்டில் பழைய திருமண நாடா இருக்குமாயின், அடுத்த மழைக்காலத்திற்கு முன்னர் அதைக் கணினிக் கோப்பாக மாற்றிவிடுங்கள். பூஞ்சை படர்ந்த நாடாவை இருக்கும் கருவியில் போட்டுப் பார்க்க வேண்டா. நாடாவும் அறும், கருவியும் கெடும்.

புதிய கருவி வாங்குவோர், எங்கும் திறக்கக் கூடிய எம்.பி.4 கோப்பாக அது பதிகின்றதா என்று கேளுங்கள். 4கே-யில் எடுக்க ஆசைப்படுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே படம் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜி.பி. இடம் கேட்கும். நொடிக்கு 17 மெகாபிட் வீதமுள்ள சாதாரண எச்.டி. படத்திற்கு ஏழரை ஜி.பி. அளவே போதும். முதியவர் ஒருவர் அமர்ந்து கதை சொல்வதற்கு எச்.டி. தாராளம். இடம் போதாமல் அழிக்க நேரும் பெரிய படத்தைவிட, அழியாமல் நிற்கும் சிறிய படம் சிறந்தது. அட்டையிலேயே விட்டுவைப்பதும் தவறு. மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் அட்டை, பதிந்ததை மெல்ல மெல்ல இழக்கும். மூன்று படிகள் எடுங்கள். இரண்டை வெவ்வேறு வகைச் சேமிப்பில் வையுங்கள். மூன்றாவது வேறோர் ஊரில், அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். பெரும் வெள்ளம் 2005-ஆம் ஆண்டு ஜூலையில் மும்பையைச் சூழ்ந்தபோது, தரைத்தளத்து வீடுகளில் எத்தனை ஆல்பங்கள் நனைந்து அழிந்தன என்பதை நாம் மறக்கலாகாது. படிக்கு ஒரு பெயரும் நாளும் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீட்டைத் தூய்மை செய்யும்போது, அவற்றையும் திறந்து பாருங்கள்.

இத்தனையும் எண்ணிய பின்னர்க் கடைக்குப் போகலாம். அங்கே ஒரு சோதனை செய்யுங்கள். கருவியைக் கடைக்காரரிடமிருந்து ஆறடி தள்ளி வைத்து, அவர் சொல்வதை ஒரு நிமிடம் பதியுங்கள். பிறகு காதில் ஒலிப்பானை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். தெரு இரைச்சலுக்கு நடுவே அவர் சொல்லும் விலை தெளிவாகக் கேட்டால் கருவி நன்று. பின்னர் விளக்கொளி குறைந்த ஒரு மூலையைப் படம்பிடித்துப் பாருங்கள். கோப்பை உங்கள் கைபேசிக்கு மாற்றித் திறக்க முடிகின்றதா என்றும் பாருங்கள். ரசீதும் இந்திய உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் விலை குறைத்துக் கொடுத்தால், பழுது வரும் நாளில் அந்தக் குறைவு நீங்காக் கடனாகிவிடும். வீட்டிற்குக் கொணர்ந்த பின், கருவியைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊர் ஈரம், வில்லையின் உட்புறத்திலும் பூஞ்சை வளர்க்க வல்லது.

நல்ல கருவி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டா. வாங்குவதற்குப் பணம் சேரும்வரை, கைபேசியே கருவியாகட்டும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முதியவர் அருகில் மூன்றடிக்குள் அமருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தீர்கள், ரயிலில் என்ன கட்டிக்கொண்டு வந்தீர்கள், இறங்கியதும் முதலில் யார் வீட்டிற்குப் போனீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள். அவர்கள் வழக்கில் வரும் சொல் அப்படியே வரட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது பிள்ளைகளுக்கு 'அவிய' யார் என்று தெரியும். ஒருநாள் சிறியவள் தன் தாயிடம், "அப்பா எங்கே? அவிய இன்னும் வரலையா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தச் சொல்லை ஆச்சி சொன்ன அதே ஓசையில் சொன்னாள்.